புரோட்டோகால்: மந்திரிக்கும் மருத்துவ ஆய்வுக்கும் ஒரே சொல்

"என் புரோட்டோகால் பாஸ் ஆயிடுச்சு மாமி" என்றாள் எங்கள் மாடியில் குடியிருக்கும் எம்.டி. மாணவி. எதிர்வீட்டு மாமி, கையில் கறிவேப்பிலையோடு, "எந்த மந்திரிம்மா வர்றார்?" என்று கேட்டார். தில்லியில், அரசு ஊழியர்கள் குடியிருக்கும் ஆர்.கே.புரத்தில் முப்பது வருடம் இருந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? தில்லியில் புரோட்டோகால் என்றால் சைரன் வைத்த கார், மறிக்கப்பட்ட சாலை, யாருக்கு முன்வரிசை நாற்காலி என்கிற சண்டை.

மாணவி சொன்னது வேறு. மருத்துவத்தில் மேற்படிப்பு படிப்பவர்கள் ஆய்வேடு எழுதியாக வேண்டும். மூன்று வருட எம்.டி. படிப்பில் முதல் சில மாதங்களிலேயே, ஆய்வைத் தொடங்கும் முன், ஒரு ஆவணம் எழுதித் தருவார்கள். என்ன கேள்வி, எந்த நோயாளிகளைச் சேர்ப்போம், யாரை விலக்குவோம், எத்தனை பேர், எதை எப்போது அளப்போம், கணக்கை எப்படிப் போடுவோம், எல்லாம் அதில் இருக்கும். அதுதான் புரோட்டோகால். பெங்களூர்ப் பக்கம் இதையே சினாப்சிஸ் என்பார்கள்.

ஏன் முன்கூட்டியே? முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டால் எல்லாரும் அர்ஜுனன்தான். இன்னொரு காரணம் நோயாளியின் பாதுகாப்பு. மருத்துவ ஆய்வின் அறநெறி பற்றி 1964இல் வந்த ஹெல்சிங்கி பிரகடனம் 1975இல் டோக்கியோவில் திருத்தப்பட்டபோது, மனிதர்கள் மேல் செய்யும் ஆய்வுக்கு எழுத்துமூலமான புரோட்டோகால் வேண்டும், அதைத் தனிக்குழு ஒன்று பார்க்க வேண்டும் என்று சேர்த்தார்கள்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் 'புரோட்டோஸ்' என்றால் முதல், 'கொல்லா' என்றால் பசை. அந்தக் காலத்தில் எழுதப் பயன்பட்ட பாப்பிரஸ் என்கிற நாணல் தாள் சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் தாள்தான் புரோட்டோகொல்லான். சுருள் எப்போது, எந்த அதிகாரியின் கீழ் தயாரானது என்பதெல்லாம் அதில் இருக்கும். கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் பத்திரம் எழுதுபவர்கள் அந்தத் தாளை வெட்டி எடுக்கக் கூடாது என்று ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் சட்டமே போட்டார். போலிப் பத்திரத்துக்குப் பயந்துதான். (தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனிலும் அதே 'கொல்லா'தான் இருக்கிறது. எலும்பைக் காய்ச்சிப் பசை எடுத்த காலத்துப் பெயர்.)

பிறகு லத்தீனில் பத்திரப் பதிவுக்கும் ஒப்பந்தக் குறிப்புக்கும் இந்தப் பெயர் போனது. பிரெஞ்சு ராஜதந்திரிகள் கையில் சபை மரியாதை ஆனது. மாமியின் மந்திரி அந்தக் கிளை. ஆய்வுக்கூடக் கிளையில் முதலில் செய்து முடித்த சோதனையின் குறிப்பாக இருந்தது, அப்புறம் செய்யப்போவதன் திட்டமாகப் புரண்டது.

முதல் தாளின் வாசனை இன்னும் போகவில்லை. மாணவியின் புரோட்டோகால் காகிதக் கட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பதிப்பு 2.0' என்றும் தேதியும் இருந்தன. முந்தைய தடவை, நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் மட்டும் 1.0 என்றே நின்றுவிட்டதால், ஆய்வுகளைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டி என்கிற குழு திருப்பி அனுப்பியதாம். ஒரு மாதம் போச்சு. ஜஸ்டினியன் இருந்தால் குழுவின் பக்கம்தான் பேசியிருப்பார்.

இனி தமிழ். அகராதிகளிலும் இணையத் தொழில்நுட்பத்திலும் 'நெறிமுறை' நிலைத்துவிட்டது. கணினிக்குச் சரி. மருத்துவ ஆய்வில்தான் இடிக்கும். இங்கே எத்திக்ஸ் கமிட்டிக்கும் 'நெறிமுறைக் குழு' என்றே எழுதுகிறார்கள். 'நெறிமுறையை நெறிமுறைக் குழு ஏற்றது' என்றால் யார் எதை ஏற்றார்கள்? 'ஆய்வு வரைவு' என்பாரும் உண்டு. வரைவு என்றால் இன்னும் முடியாதது. இதுவோ குழு முத்திரை வைத்தபின் அனுமதியில்லாமல் ஒரு வரி மாற்ற முடியாதது. 'ஆய்வுத் திட்டம்' பரவாயில்லை, ஆனால் நிதி வாங்கி நடத்தும் புராஜெக்ட்டையும் அப்படித்தான் சொல்கிறோம். நேராக மொழிபெயர்த்தால் 'முதலேடு'. ஆய்வேட்டுக்கு முன்னால் முதலேடு, கேட்க அழகாகத்தான் இருக்கிறது; யாருக்கும் புரியாது.

என் ஓட்டு 'ஆய்வுச் செயல்திட்டம்'. குழுவை 'அறநெறிக் குழு' என்று பிரித்துவிட்டால் குழப்பம் தீரும். மந்திரி வருகைக்கு 'மரபு நெறி' போதும்.

அந்த ஒப்புதல் படிவத்தைத் தமிழ் நோயாளிகளுக்காகத் தமிழில் எழுத மாணவி என்னிடம் வந்தபோது, இந்தச் சொல்லே அதில் வேண்டாம் என்றேன். 'இந்த ஆய்வில் உங்களுக்கு என்ன செய்வோம், எத்தனை முறை வர வேண்டும்' என்று எழுதினோம். பதிப்பு எண்ணை மட்டும் அவளே மூன்று தடவை சரிபார்த்தாள்.