கிட்டார்ல ஸ்கேல் தண்ணியா ஓடுது, சோலோ மட்டும் ஏன் வரமாட்டேங்குது?

ஏ மைனர் பென்டடானிக்ங்கிற அஞ்சு சுர ஸ்கேல அஞ்சாவது ஃப்ரெட்ல (கட்டத்துல) ஆறாவது ஸ்ட்ரிங்ல புடிச்சு மேல ஏறி கீழ இறங்குறது, இதையே ரெண்டு வருஷம் வாசிச்சேன், சேலம் அம்மாபேட்டைல பக்கத்து வீட்டு தறி சத்தம்தான் எனக்குத் தாளம் காட்டுற மெட்ரோனோம். ஆனா ஃப்ரெண்டு கார்ட் அடிச்சிட்டு "இப்ப சோலோ போடுடா"ன்னா கை நேரா ஆறாவது ஸ்ட்ரிங்குக்கே போய் நிக்கும்.

'ழ'வுக்கு முன்னாடி எந்த எழுத்து, டக்னு சொல்லுங்க? ய ர ல வன்னு வாய்க்குள்ள ஓட்டிப் பாத்தீங்கல்ல, அதே கதைதான். வரிசையா பழகுனது வரிசையாத்தான் வெளிய வரும்.

மூளை ஒரே நேரத்துல கையில வச்சுக்கிறது ரொம்ப கம்மி. 1956ல ஜார்ஜ் மில்லர்ங்கிற உளவியல் அறிஞர் ஏழு, ரெண்டு முன்ன பின்னன்னாரு, அப்புறம் வந்தவங்க நாலுதான்னு குறைச்சிட்டாங்க. அதனால அது பொட்டலம் கட்டிக்குது, இதுக்குப் பேரு சங்கிங். ஏற்காடு ரோட்ல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, புது டிரைவருக்கு கிளட்ச், கியர், ஸ்டியரிங், ஹாரன் எல்லாம் தனித்தனி வேலை, பழைய பஸ் டிரைவர் கண்டக்டர்கிட்ட பேசிட்டே ஒரே வீச்சுல திருப்பிடுவாரு. எம்ஐடில எலிகள வச்சுப் பாத்தப்போ, பழக்கமான வேலையில ஸ்ட்ரையாட்டம்ங்கிற மூளைப் பகுதி ஆரம்பத்துலயும் முடிவுலயும்தான் பலமா துடிச்சுது, நடுவுல அடங்கிடுச்சு. என் ஸ்கேல் ஒரே பெரிய பொட்டலம், பிரிக்கிற முடிச்சு ஆறாவது ஸ்ட்ரிங்ல மட்டும்.

அதனால மூணே நோட் எடுத்தேன்: முதல் ஸ்ட்ரிங்ல 5ஆவது ஃப்ரெட், ரெண்டாவதுல 8, அப்புறம் அதே ரெண்டாவதுல 5. அதையே திருப்பிப் போட்டு, நடு நோட்ல ஆரம்பிச்சு, ஒரு பீட் தள்ளி நுழைஞ்சு, அந்த 8ல ஸ்ட்ரிங்க இழுத்து முழு டோன் பெண்ட் பண்ணி (சரியா இழுத்தா முதல் ஸ்ட்ரிங் அஞ்சாவது ஃப்ரெட் சத்தமே வரும், ஒத்துப் பாத்துக்கலாம்) வாசிச்சேன். பாட்டு கிளாஸ்ல சரளி வரிசையோட விடாம ஜண்டை (ரெட்டை ரெட்டையா), தாட்டு (தாண்டித் தாண்டி)ன்னு ஏன் போட்டு வாங்குறாங்கன்னு அப்பதான் உறைச்சுது. இந்த ஸ்கேல் கூட சுத்த தன்யாசி ராகம்தான்.

இன்னொன்னு, நடுநடுவுல கைய எடுங்க. 2019ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல 10 செகண்ட் டைப்பிங், 10 செகண்ட் ரெஸ்ட்னு மாத்தி மாத்தி விட்டுப் பாத்தா, ஆரம்பத்துல வேகம் கூடுனது ரெஸ்ட்லதான். டைப்பிங்தான், கிட்டார் இல்ல, ஆனாலும் விரல் வேலைதானே.

ஒரு வாரம் அதே மூணு நோட். "வேற எதுவும் தெரியாதா தம்பி?"ன்னு பக்கத்து வீட்டுல கேட்டுட்டாங்க. கேக்குறது யாரு, தறி ஓட்டுறவங்க.