ரிம் செலவை டிரைவர் தலையில் கட்டாதீர்கள்

மறுபடியும் வெல்டிங் வைத்த ஓர் அலாய் வீல். இந்த முறை பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிற கார். எண்பதில் போனால் ஸ்டியரிங் ஆடுகிறது, அலைன்மென்ட் பாருங்கள் என்று ஓனர் விட்டுப் போயிருந்தார். பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றினால் உள்பக்க விளிம்பு ஏறி இறங்குகிறது. மேலே அடித்திருந்த சில்வர் ஸ்ப்ரேயைச் சுரண்டினேன். விரல் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு, ஸ்போக் தொடங்குகிற இடம் வரை. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் தழும்பின் ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது.

வண்டியை எடுக்க வந்த டிரைவரிடம் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. மழைத் தண்ணீரில் பள்ளம் தெரியாமல் இறக்கியிருக்கிறார். "உன் கவனக்குறைவு, நீயே சரி பண்ணிக் கொண்டு வா" என்று ஓனர் சொல்லிவிட்டார். கம்பெனி வீல் விலையைக் கேட்டாலே அவருக்குத் தலை சுற்றும். வெல்டிங் கடையில் சில நூறு ரூபாயோடு முடித்துவிட்டார். வீல் சரியாகிவிட்டது என்று ஓனருக்குத் தெரியும், எப்படிச் சரியானது என்று தெரியாது.

மழைக்காலம் வந்தால் இது எங்கள் கடையில் வாடிக்கை. "அண்ணே, ஓனருக்குத் தெரியாம தட்டிக் குடுங்கண்ணே" என்று வீலைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை எத்தனை பேரைத் திருப்பி அனுப்புவது? செலவை யார் தலையில் கட்டுகிறீர்களோ, அவர் பைக்கு எட்டிய ரிப்பேர்தான் நடக்கும். அந்த வீல் மேல் உட்கார்ந்து போவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

"வெல்டிங் வெச்சா அந்த இடம் இன்னும் ஸ்ட்ராங் ஆயிடும்" என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இரும்பு கேட்டுக்கு, கிரில்லுக்கு சரி. அலாய் வீல் அலுமினியக் கலவையில் வார்த்தது. வார்த்த பிறகு சூட்டில் வைத்து, சட்டென்று குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடேற்றித்தான் அதற்குப் பதம் ஏற்றுகிறார்கள். அந்தப் பதம்தான் அதன் பலம். வெல்டிங் சூடு பட்டால் தழும்பைச் சுற்றியுள்ள பகுதி பதம் இழந்து மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் தழும்பு அப்படியே இருக்கும், அதற்குப் பக்கத்தில் விரிசல் விடும். கேஸ் டார்ச்சில் காய்ச்சிச் சுத்தியலால் பெண்டு எடுப்பதும் இதே கதைதான். இரும்பு வீலை நிமிர்த்திப் பழகிய கை, அலுமினியத்தையும் அப்படியே நினைத்துக்கொள்கிறது. அலுமினியம் சூடானால் இரும்பு போலச் சிவக்காது. எவ்வளவு காய்ந்தது என்று கண்ணுக்குத் தெரிவதற்குள் கெட்டுப்போயிருக்கும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் எனக்கே சட்டென்று தெரியாது, உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

எல்லா வீலையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் உரசிய கீறல் வெறும் அழகுப் பிரச்சினை. உள்விளிம்பில் லேசான வளைவு என்றால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நிதானமாக எடுக்கலாம், அதுவும் ஒரு தடவை. விரிசல் என்றால், அதிலும் ஸ்போக்கிலோ போல்ட் துளைப் பக்கமோ என்றால், பேச்சே இல்லை, மாற்றுங்கள். டயர் பக்கவாட்டில் வீங்கியிருந்தால் அதற்கும் இதே தீர்ப்பு.

சரி, பணம் யார் கொடுப்பது?

முதலில் இன்ஷூரன்ஸ். "பம்பர் டு பம்பர் போட்டிருக்கேன், எல்லாம் வரும்" என்பவர்களும், "வீலுக்கு எதுவும் வராது" என்பவர்களும் பாலிசியைப் படித்ததில்லை. உங்கள் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கிற வழக்கமான பேக்கேஜ் பாலிசியில் டயர், டியூப் மட்டும் சேதமானால் பணம் கிடையாது. கூடவே வண்டியும் அடிபட்டிருந்தால் புது டயர் விலையில் பாதி. ரிம் அந்த வரியில் இல்லை. அது உலோகப் பாகம், வயதுக்கேற்ற தேய்மானம் கழித்துக் கேட்கலாம். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் உங்கள் வண்டிக்கு ஒன்றும் வராது.

ஆனால் கேட்கத்தான் வேண்டுமா? நாலாவது வருடம் ஓடுகிற, 1500 சிசிக்கு உட்பட்ட கார். இதுவரை கிளைம் இல்லை. வீல் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் 25 சதவீதம், அதாவது 3,000. கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வருவது 8,000. கிளைம் போடாவிட்டால் அடுத்த மூன்று புதுப்பித்தலில் நோ கிளைம் போனஸ், அதாவது சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி, 45, 50, 50 சதவீதம் கிடைக்கும். போட்டால் 0, 20, 25. சொந்தச் சேதப் பிரீமியம் வருடத்துக்கு 10,000 என்றால் இழப்பு 4,500, 3,000, 2,500. மொத்தம் 10,000! எட்டாயிரம் வாங்கப் பத்தாயிரம் கட்டுகிறீர்கள். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' ஆட்-ஆன் இருந்தால் கணக்கு ஏறக்குறைய சமன். போனஸ் பாதுகாப்பு தனியாக எடுத்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். டயர்-ரிம் ஆட்-ஆன் என்றால் போனஸ் போகுமா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். டயருக்குப் பணம் வாங்க பம்பரைச் சுவரில் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய அடி, புது அடி பார்ப்பதுதான் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வேலை என்பதாவது தெரிய வேண்டாமா?

மாநகராட்சியிடம் கேட்க முடியாதா என்பார்கள். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்த 198ஏ பிரிவு, சாலைத் தரக் குறைவால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. ரிம் போனதற்கு அதில் வழியில்லை. சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டுப் பள்ளத்தைச் சொல்லிவிடுங்கள், அடுத்தவன் ரிம்மாவது பிழைக்கும்.

இன்னொரு வண்டி இடித்து வளைந்தால் அந்த வண்டிக்காரர் பொறுப்பு. அவருடைய தேர்ட் பார்ட்டி காப்பீட்டில் கேட்க மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் வரை போக வேண்டும் என்பதால், சின்னத் தொகையைப் பலர் அங்கேயே பேசி வாங்கிக்கொள்கிறார்கள். ஓட்டலில் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து வாலே பார்க்கிங்கில் விட்டு வளைந்து வந்தால் ஓட்டல்தான் பதில் சொல்ல வேண்டும். 'ஓனர் ரிஸ்க்' என்று சீட்டில் அச்சடித்தால் அவர்களுடைய அலட்சியத்துக்கு விலக்கு கிடைக்காது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் திருட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. எங்கள் மெஷினில் டயர் கழற்றும்போது விளிம்பில் கீறல் விழுந்தால் அது எங்கள் கணக்கு. தயங்காமல் கேளுங்கள், வண்டி வெளியே போவதற்கு முன்னால் கேளுங்கள். மச்சான் இரவல் வாங்கிப் போய் வளைத்தால் மச்சான் கொடுப்பதுதான் மரியாதை. கேட்பீர்களா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

டிரைவர் குடித்தோ, போனில் பேசிக்கொண்டோ மோதினால் அது வேறு. தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் இறங்கியதற்கு மாதச் சம்பளக்காரரிடமோ, ஒரு நாள் பேட்டாவுக்கு வந்த ஆக்டிங் டிரைவரிடமோ வீல் விலையைப் பிடிப்பது நியாயமா, சொல்லுங்கள்? வண்டி உங்களுக்காகத்தான் ஓடியது. வண்டி வைத்திருப்பதன் செலவு அது. திட்ட வேண்டுமானால் திட்டுங்கள், ஆனால் கடைக்கு நீங்களே வாருங்கள், பில்லை உங்கள் பெயரில் போடுங்கள், கழற்றிய வீலை நேரில் பாருங்கள். பழைய வீல் வாங்குவதானால் சென்னையில் புதுப்பேட்டையில் கிடைக்கும். போல்ட் துளைகளின் அளவும் ஆஃப்செட்டும் (வீல் உள்ளே வெளியே தள்ளி நிற்கிற அளவு) பொருந்துகிறதா, புதுப் பெயின்ட்டுக்கு அடியில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காற்றை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். குறைந்த காற்றில் பள்ளம் நேரே ரிம்மில்தான் அடிக்கும். பள்ளத்தைத் தவிர்க்க முடியாதபோது முன்பே வேகம் குறைத்து, இறங்கும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஸ்டைலுக்காகப் பெரிய ரிம், மெல்லிய டயர் மாட்டியவர்கள் என்னிடம் புலம்ப வேண்டாம். அடிபட்ட வீலைக் கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், வளைவு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதுவரை ஸ்டெப்னியில் ஓட்டலாம். அதன் மேல் 80 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எண்பதைத் தாண்டாதீர்கள்.