14 பேர், 11 சண்டை: ரெஸில்மேனியா 4 கணக்கு

நாக்-அவுட் தொடரில் எத்தனை பேர் இறங்கினாலும் மொத்த ஆட்டங்கள் அதைவிட ஒன்று குறைவாகவே இருக்கும். ஒரு ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுவார், கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். 14 பேர் என்றால் 13 ஆட்டம். ஆனால் 1988 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரெஸில்மேனியா 4 என்ற மல்யுத்த நிகழ்ச்சியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) பட்டத்துக்காக நடந்தவை 11 சண்டைகள்தான். மீதி இரண்டு எங்கே போயின?

முதலில் பட்டம் ஏன் காலியானது என்பதைப் பார்த்துவிடலாம். பிப்ரவரி 5 அன்று ஆந்த்ரே தி ஜெயன்ட் ஹல்க் ஹோகனை வீழ்த்தினார். ஹோகனின் தோள் தரையிலிருந்து எழுந்த பிறகும் நடுவர் மூன்று எண்ணிவிட்டார். ஜெயித்த கையோடு ஆந்த்ரே பெல்ட்டை டெட் டிபியாசியிடம் ஒப்படைக்க, டபிள்யூ.டபிள்யூ.எஃப். தலைவராகத் திரையில் வந்த ஜாக் டன்னி அது செல்லாது, பட்டம் காலி என்று சொல்லிவிட்டார். எல்லாம் எழுதிவைத்த கதைதான். அதனால்தான் இந்த அட்டவணை சுவாரசியம்: இங்கே கணக்கும் கதாசிரியரின் கருவி.

சுற்றுக்குச் சுற்று பாதியாகக் குறைய வேண்டுமானால் 8, 16, 32 என்று ஆட்கள் வேண்டும். 14 பேர் என்றால் இரண்டு இடம் காலி. ஆகவே ஹோகனும் ஆந்த்ரேவும் முதல் சுற்றில் மோதாமலே காலிறுதிக்குப் போனார்கள். எல்லாச் சண்டையையும் காசு சுண்டி முடிவு செய்வதாக வைத்துக்கொண்டால், மற்ற 12 பேருக்கும் நான்கு வெற்றி தேவை. வாய்ப்பு தலா 6.25 சதவீதம். இவர்கள் இருவருக்கும் மூன்று போதும், தலா 12.5. இரண்டையும் சேர்த்தால் பட்டத்தின் கால் பங்கு வாய்ப்பு. அந்தக் கால் பங்கு ஒரே சண்டையில் காணாமல் போனது.

டென்னிஸில் யாராவது ஒருவர் ஜெயித்தே ஆக வேண்டும். மல்யுத்த மேடையில் அந்தக் கட்டாயம் இல்லை. காலிறுதியில் ஹோகனும் ஆந்த்ரேவும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடித்துக்கொள்ள, நடுவர் இருவரையும் தகுதிநீக்கம் செய்தார். இரண்டு பெரிய ஆட்கள் வெளியே, ஆனால் யாரும் யாரிடமும் தோற்கவில்லை. முதல் சுற்றில் ரிக் ரூட், ஜேக் ராபர்ட்ஸ் சண்டையும் இப்படித்தான்: 15 நிமிடக் கெடு தீர்ந்து டிரா, இருவரும் அவுட். வெளியேற வேண்டியவர்கள் 13 பேர். இந்த இரண்டு சண்டைகளில் நால்வர் போக, மீதி 9 பேருக்கு 9 சண்டை. ஆக 11.

இந்த ஓட்டைகளின் பலன் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் வேடிக்கை. அந்த டிராவால் காலிறுதியில் எதிராளி இல்லாமல் போன ஒன் மேன் கேங் என்ற வீரர் சும்மாவே அரையிறுதிக்குப் போனார். ஹோகனும் ஆந்த்ரேவும் ஒழிந்ததால், டான் முராக்கோவை வென்ற டிபியாசி அரையிறுதி ஆடாமலே இறுதிக்கு வந்தார். எதிர்ப்பக்கத்தில் ராண்டி சாவேஜுக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. புட்ச் ரீட், கிரெக் வாலன்டைன், ஒன் மேன் கேங் என்று மூவரையும் தாண்டினார். சண்டைக்குச் சண்டை அவர் அங்கி நிறம் மாறியது, அவருடைய மேலாளர் எலிசபெத்தின் கவுனும் மாறியது. அரையிறுதியில் கேங் தன் மேலாளரின் கைத்தடியைப் பயன்படுத்தியதால் தகுதிநீக்கம் ஆனார். 11 சண்டைகளில் எதிராளியை அமுக்கி மூன்று எண்ணி முடிந்தவை 6தான் என்பதையும் கவனியுங்கள். மீதியெல்லாம் விதிகளின் சந்துபொந்து வழியாக முடிந்தவை.

ஆக, இறுதியில் நான்காவது சண்டைக்கு வந்த சாவேஜ், மூன்றாவதுக்கு வந்த டிபியாசி. போதாததற்கு டிபியாசி பக்கம் ஆந்த்ரே வேறு நின்று சாவேஜின் காலை இழுத்துக்கொண்டிருந்தார். நாயகனைத் தளர வைக்க வசனமே தேவைப்படவில்லை, அட்டவணையே அந்த வேலையைச் செய்துவிட்டது. எலிசபெத் உள்ளே ஓடி ஹோகனை அழைத்து வந்தார். நடுவர் ஆந்த்ரேவைக் கவனித்த நேரத்தில் ஹோகன் டிபியாசியின் முதுகில் நாற்காலியை இறக்கினார். காலிறுதியில் அவரை வெளியே அனுப்பிய அதே குற்றம். இம்முறை நடுவர் பார்க்கவில்லை. சாவேஜ் மேல் கயிற்றில் ஏறி, முழங்கையோடு குதித்தார்.