மழை விட்டது சரி, கூரை காய்ந்ததா?

இந்த வருடத்தில் நான் பார்க்கும் மூன்றாவது கூரை விபத்து இது. போன வாரம் பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனில், சாயங்கால மழை ஓய்ந்ததும் ஒழுகுகிற இடத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு பையனை சிமெண்ட் அட்டை மேல் ஏற்றியிருக்கிறார்கள். பாசியில் கால் வழுக்கி, விழுந்த வேகத்தில் அட்டை உடைந்து, 14 அடி கீழே தறிகளுக்கு நடுவில் வந்து விழுந்தான். இடுப்பெலும்பு போனது, உயிர் தப்பியது. உடைந்த அட்டையை மாற்றத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். போனதும் முதலாளி கேட்டது இது: "மழை வுட்டு ஒரு மணி நேரம் ஆச்சுங்களே சார், அப்புறம் எப்படிங்க வழுக்கும்?"

வழுக்கும். நாலைந்து மழை பார்த்த அட்டையில் கறுப்பாக ஒரு படலம் இருக்குமே, அது மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மரநிழல் விழும் இடமும் வடக்குச் சரிவும் கடைசியில்தான் காயும், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது அந்தப் பக்கம் இரண்டு நாள்கூட ஆகலாம். ஏணியில் நின்றபடியே ஒரு காய்ந்த பழைய துணியை அழுத்தி எடுத்துப் பாருங்கள். துணி நனைந்தால் இறங்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது இன்னொரு நம்பிக்கை. மழை கொட்டும்போதே போன் வரும்: "இப்பவே வாங்க சார், பெய்யும்போது ஏறினாத்தான் ஓட்டை எங்கேன்னு தெரியும்." தெரியாது! மழையில் கூரை முழுக்கத் தண்ணீர் ஓடும்போது மேலே நிற்பவருக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்புறம், கீழே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று யார் சொன்னார்கள்? அட்டையைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டின் வாஷர் இற்றுப்போய் அந்தத் துளை வழியாக இறங்கும் தண்ணீர், அட்டையைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் அடியைப் பிடித்துக்கொண்டு பத்தடி நகர்ந்து எங்கோ சொட்டும். கான்கிரீட் மாடி இன்னும் மோசம். மேலே பதித்த ஓட்டுக்கு அடியில் நுழைந்து, வாட்டம் இருக்கிற பக்கம் போய், விரிசல் கிடைக்கிற இடத்தில் இறங்கி, கடைசியில் மின்விசிறிக் கொக்கி வழியாகவோ கரண்ட் பைப் வழியாகவோ வரும். சமையலறையில் ஒழுகிய வீட்டில் படிக்கட்டு அறைச் சுவரோரம் விரிசலைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

மழை பெய்யும்போது உங்களுக்கு வேலை வீட்டுக்குள்தான். சொட்டும் இடத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள், மழை தொடங்கி எத்தனை நிமிடத்தில் சொட்ட ஆரம்பித்தது என்று குறியுங்கள், மழை விட்ட பிறகு எவ்வளவு நேரம் சொட்டியது என்றும் குறியுங்கள், போனில் ஒரு வீடியோ எடுங்கள். மீதியை நான் காய்ந்த நாளில் வந்து ஹோஸ் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். தாழ்வான பக்கத்தில் தொடங்கி மெதுவாக மேலே நகர்த்தித் தண்ணீர் விடுவோம், உள்ளே ஒருவர் நின்று சொட்டினால் குரல் கொடுப்பார். (மேலே இருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்துவிடும், எந்த இடம் என்று பிரிக்கவே முடியாது. சில கொத்தனார்களே இந்தத் தப்பைச் செய்கிறார்கள்.)

"மழை எச்சரிக்கை எதுவும் இல்லையே சார்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வானிலை மையக் கணக்கில் ஒரு நாளில் சுமார் 6.5 செ.மீ. தொட்டால்தான் கனமழை. அதற்குக் கீழே பெய்வது லேசானதும் மிதமானதும்தான், உங்கள் கால் வழுக்க அந்த லேசானதே ஏராளம். 'ஓரிரு இடங்களில்' என்றால் அவர்களுடைய மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள் மழை பதிவாகலாம் என்று அர்த்தம், அந்தக் கால்வாசியில் உங்கள் ஊரும் இருக்கலாம். சித்திரை, வைகாசியில் காலையில் வெயில் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி இடிக்கும். ஆகவே அந்த மாதங்களில் பதினொரு மணிக்குள் இறங்கிவிடுவேன், தகர ஷீட் சூட்டுக்கும் அதுதான் நல்லது. இடிச் சத்தம் காதில் விழுந்தால் மழை இல்லாவிட்டாலும் இறங்க வேண்டும், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் ஏறக்கூடாது.

காற்றை நம் ஆட்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை, மலைக்கு நடுவே மேற்குக் காற்று புகுந்து வரும் பாலக்காட்டுக் கணவாய் வாசலில் உட்கார்ந்துகொண்டு! ஆனி, ஆடியில் உடுமலை, பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கும், மழை ஒரு துளி இருக்காது, காற்று மட்டும் ஆளைத் தள்ளும். போன் காட்டுகிற வேகம் சராசரி. திடீரென்று வீசும் வீச்சு அதைவிட மிக அதிகம், கூரை விளிம்பில் இன்னும் அதிகம். சின்ன மரங்கள் முழுதாக ஆடினால் காற்று 30 கி.மீ.யைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு நான் ஏணியைச் சாத்துவதே இல்லை. ஓர் ஆடியில் கையில் பிடித்திருந்த தகரத்தோடு நானே இரண்டடி நகர்ந்திருக்கிறேன், அதற்குப் பிறகு யார் அவசரப்படுத்தினாலும் சரி, ஏறுவதில்லை.

மார்கழி, தையில் பனி. கலர் ஷீட்டில் பனி படிந்திருப்பது கண்ணுக்கே தெரியாது, விரலால் ஒரு கோடு இழுத்தால்தான் தெரியும். கோடு விழுந்தால் எட்டரை, ஒன்பது மணி வரை டீ குடித்துக்கொண்டு காத்திருங்கள்.

மூட்டமான நாளில் இன்னொரு வம்பு உண்டு. வெளிச்சத்துக்காக நடுநடுவே போட்ட ஃபைபர் ஷீட் தூசி படிந்து மற்ற அட்டையோடு கலந்து தெரியாமல் போகும், அதில் கால் வைத்தால் நேராகத் தரைதான். ஏறுவதற்கு முன் உள்ளே நின்று அவை எந்தெந்த வரிசையில் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். காய்ந்த அட்டையிலும் பலகை போட்டு, போல்ட் வரிசை மேல்தான் நடக்க வேண்டும்.

ஒழுகினால் ஒரு வாளி வையுங்கள், தறியில் ஏற்றிய பாவு நூல் நனையும் என்றால் மேலே தார்ப்பாய் கட்டுங்கள். இரண்டு நாள் தாமதமாக வருகிறேன் என்று என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. தயவுசெய்து, அதற்குள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து மேலே ஏற்றாதீர்கள்.