காற்றழுத்தம் சரியும்போது வீட்டுக்குள் வரும் குப்பைமேட்டு வாயு

1986 மார்ச் 24 அதிகாலை, இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள லாஸ்கோ ஊரில் ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்த மூவருக்கும் பலத்த காயம். செங்கலுக்குக் களிமண் எடுத்த பழைய குழி ஒன்றில் கொட்டி மூடியிருந்த குப்பை, சுமார் 70 மீட்டர் தள்ளியிருந்தும் அதன் வாயு தரைக்கு அடியிலேயே வந்து சேர்ந்திருந்தது. வெடிப்புக்கு முந்தைய ஏழு மணி நேரத்தில் காற்றழுத்தம் 29 மில்லிபார் இறங்கியிருந்தது.

காற்றுப் புகாமல் அழுகும் குப்பையில் ஏறத்தாழ 60 சதவீதம் மீத்தேனும் 40 சதவீதம் கரியமில வாயுவும் உண்டாகின்றன. மீத்தேன் லேசானது, மேலே போய்விடும் என்று நம்பிவிடக் கூடாது. இந்தக் கலவையின் எடை காற்றின் எடையை ஒட்டியே இருக்கும். வழி எங்கே கிடைக்கிறதோ அங்கே போகும். மேட்டைக் களிமண்ணால் மூடினாலோ, மழையில் மேல்மண்ணின் துளைகள் அடைபட்டாலோ, பாறை வெடிப்புகளிலும் குழாய்ப் பள்ளங்களிலும் பக்கவாட்டாக நகரும். வெளிக்காற்றின் அழுத்தம் வேகமாக இறங்கினால், மண்ணுக்குள் இருக்கும் வாயு விரிந்து வெளியே தள்ளப்படும். அதனால் அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாயுவை அளக்க வேண்டும். தெளிந்த வானிலையில் மட்டும் எடுத்த அளவு பொய் நம்பிக்கையே தரும். கருவியும் முக்கியம். எரித்து அளக்கும் சென்சாருக்கு ஆக்சிஜன் வேண்டும். வாயுவை அளக்க மண்ணில் போட்ட கண்காணிப்புத் துளையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால், அந்தச் சென்சார் மீத்தேனை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அங்கே அகச்சிவப்புக் கருவிதான் சரி.

மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். அமெரிக்க விதிப்படி, மீத்தேன் குப்பைக் கிடங்கின் எல்லையில் மண்ணுக்குள் 5 சதவீதத்தையும், கிடங்கு வளாகக் கட்டடங்களுக்குள் அதில் கால் பங்கையும், அதாவது 1.25 சதவீதத்தையும் தாண்டக் கூடாது.

முதல் தடுப்பை எல்லையிலேயே போட வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் வரையோ, வாயு புகாத களிமண் அடுக்கு வரையோ பள்ளம் தோண்டி, வீட்டுப் பக்கச் சுவரில் ஹெச்டிபிஇ என்ற கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டு, மண்தூள் இல்லாத ஜல்லியால் நிரப்பி, துளையிட்ட குழாய்களை மேலே நீட்ட வேண்டும். பள்ளம் ஆழம் குறைந்தால் வாயு அடியில் புகுந்து போய்விடும். கிடங்கிலேயே கிணறு போட்டு ப்ளோயர் என்ற விசிறி இயந்திரத்தால் வாயுவை உறிஞ்சுவது இன்னும் பலமான வழி. ஆனால் அளவுக்கு மீறி உறிஞ்சினால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, குப்பை அடியில் தீப்பிடிக்கலாம்.

வீட்டில் தரைக்குக் கீழே குறைந்தது 150 மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டு, எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துளை வைத்து, தரைக் கான்கிரீட் பலகைக்கு அடியில் வாயு தடுக்கும் விரிப்பைப் போடுவார்கள். விரிப்பு நடுவில் கிழிந்து கெடுவதைவிட, குழாய் நுழையும் இடத்தில்தான் அதிகம் கெடுகிறது. ஒவ்வொரு குழாய்க்கும் தனி உறை பற்றவைத்து, கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுபவர்கள் மிதித்துப் போன பிறகு புகை விட்டுச் சோதிக்க வேண்டும். மின்கம்பி செல்லும் குழாயின் வெளிப்புறத்தை மட்டும் அடைத்தால் போதாது. கம்பிகளுக்கு இடையிலும் அடைப்பு வேண்டும். பிறகு வீட்டுக்காரர்கள் சுவரோரம் மண் மேடு கட்டிப் பூச்செடி வைக்கும்போது காற்றுத் துளைகள் புதைந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறையாவது சுற்றிவந்து அவற்றைத் திறந்துவிட வேண்டும்.