ஒரு கிலோ கோழிக்கு எத்தனை கிலோ தீவனம்?

பாலக்கோட்டிலோ பர்கூரிலோ ஒரு கறிக்கோழிப் பண்ணைக்காரரிடம் "இந்த பேட்ச் எப்படி?" என்று கேட்டால் பெரும்பாலும் ஓர் எண்தான் பதிலாக வரும்: "ஒண்ணு அறுபது." இது எஃப்.சி.ஆர்., அதாவது தீவன மாற்று விகிதம். கோழி ஒரு கிலோ எடை போட 1.60 கிலோ தீவனம் செலவாகியிருக்கிறது என்று பொருள். உலக இறைச்சிக் கணக்கைப் புரட்டிப் போட்டதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

1961-இல் உலகம் முழுக்க உற்பத்தியான இறைச்சி ஏறத்தாழ 7 கோடி டன். இன்று 35 கோடி டன்னுக்கும் மேல். அதில் கோழியினத்தின் பங்கு அன்று 1 கோடி டன்கூட இல்லை. இன்று 13 கோடி டன்னைத் தாண்டி, பன்றியையும் முந்திவிட்டது. இந்தியாவின் இறைச்சி உற்பத்தியிலும் கிட்டத்தட்டப் பாதி கோழிதான். கொட்டிலில் அடைத்துக் கொழுக்க வைக்கும் மாடு ஒரு கிலோ எடை போட 6 முதல் 8 கிலோ உலர் தீவனம் கேட்கும். பன்றிக்கு 3 கிலோவை ஒட்டி ஆகும். கோழியோடு போட்டி போட முடியாததற்கு இதுவே காரணம்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. போச்சம்பள்ளி சந்தைக்கு வரும் வெள்ளாடு, மனிதர் தின்ன முடியாத கரட்டுத் தழையைத் தின்று வளர்ந்தது. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், கால்பங்கு அளவில் சோயாப் புண்ணாக்கு. இரண்டுக்கும் உழுத நிலம் வேண்டும்.

"ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துப் போகும். 5,000 கோழிக்குத் தினமும் ஊசி போடவும் எவராலும் ஆகாது. வளர்ச்சியின் ரகசியம் இனத்தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 காலத்து ரகங்களை ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். 56-ஆம் நாள் எடை முறையே சுமார் 0.9, 1.8, 4.2 கிலோ. கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக்கைப் பற்றித்தான்; அளவின்றிக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியாவில் 2019-இல் தடை வந்ததும் அதனால்தான்.

எஃப்.சி.ஆர். கெடுவது பெரும்பாலும் முதல் வாரத்தில். 40 கிராம் குஞ்சு ஏழாம் நாள் நான்கு மடங்குக்கு மேல் எடை போட்டிருக்க வேண்டும். குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடருக்கு அடியில் முதல் நாள்களில் 33 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு சுமார் 3 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளைப் பார்ப்பது நல்லது. பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால் குளிர். சுற்றி நிறுத்திய தகட்டு ஓரம் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு. குஞ்சு இறக்கி 24 மணி நேரம் கழித்துச் சிலவற்றைப் பிடித்து, கழுத்தடியில் இருக்கும் தீவனப் பையைத் தடவ வேண்டும். மெத்தென்று நிறைந்திருந்தால் தீவனமும் தண்ணீரும் எடுத்திருக்கிறது. கெட்டியாக இருந்தால் தண்ணீர் எட்டவில்லை.

5,000 கோழி, தலைக்கு 2.2 கிலோ என்றால் மொத்தம் 11,000 கிலோ. 1.60-இல் முடித்தால் 50 கிலோ மூட்டை 352 போதும். 1.70-க்குப் போனால் 374. அந்த 22 மூட்டைதான், கம்பெனி தரும் குஞ்சையும் தீவனத்தையும் வைத்துக் கூலிக்கு வளர்க்கும் ஒப்பந்தப் பண்ணையாளரின் வளர்ப்புக் கூலியில் வெட்டாக விழுகிறது.

தின்ற தீவனத்தின் ஆற்றலில் பெரும்பகுதி சூடாக வெளியேற வேண்டும். கோழிக்கோ வியர்வைச் சுரப்பி கிடையாது. தருமபுரி, அரூர் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் 35 நாளைத் தாண்டிய கோழிகள் மதியம் மூன்று மணிவாக்கில் கொத்தாகச் சாவது இதனால்தான். மேல்மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. செரிமானமும் சூட்டைக் கூட்டும் என்பதால் காலை 10 மணிக்கே தீவனத் தட்டைத் தூக்கிவிட்டு, வெயில் தணிந்த பிறகு இறக்க வேண்டும். கூரைமேல் ஸ்பிரிங்ளர் உதவும். உள்ளே பனிபோல் நீர் தூவும் ஃபாகர் போட்டால் காற்றோட்டமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரப்பதம்தான் ஏறும், சூடு இறங்காது.

சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதை வேறு. மார்கழிக் குளிருக்குப் பயந்து ஷெட்டின் பக்கவாட்டுப் படுதாவை முழுக்க இழுத்துக் கட்டுவார்கள். கீழே விரித்த தேங்காய் நார்க்கழிவு ஈரமாகி அம்மோனியா கிளம்பும். ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் 25 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு) எல்லையைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் போதாமல் இதயத்தின் வலப்பக்கம் வீங்கி, வயிற்றில் நீர் கோக்கும். இதற்கு மருந்து தேடிப் பயனில்லை. படுதாவை மேலிருந்து ஓரடி இறக்கி வைத்து, கூளத்தைத் தினமும் கிளறிவிட்டு, தண்ணீர்க் குழாயின் நிப்பிள் ஒழுகும் இடத்தை அன்றைக்கே சரிசெய்ய வேண்டும்.