பட்டியல் போட்டால் வைஃபை பூட்டாகாது

போன மாதம் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து அழைத்தார்கள். "தம்பி, நெட் சுத்திக்கிட்டே இருக்கு. ரிப்போர்ட் அனுப்ப முடியலை."

போய்ப் பார்த்தேன். ரிசப்ஷன் மேசைக்கு மேலே ஓர் அட்டையில் வைஃபை பாஸ்வேர்டு பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள் பொழுதுபோக்கட்டும் என்று நல்ல மனதோடு ஒட்டியது. ரவுட்டருக்குள் நுழைந்தால் 31 கருவிகள். அவர்களுடையது ஆறுதான். நோயாளிகளின் ரிப்போர்ட் இருக்கும் கணினியும் அதே வைஃபையில்தான் இருந்தது. நெட் மெதுவாக இருப்பதைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"தெரியாத போனையெல்லாம் பிளாக் பண்ணிடுப்பா" என்றார் நிலையத்தை நடத்தும் அக்கா. பலரும் கேட்பது இதைத்தான். சரி என்று என் போனையே பிளாக் செய்து காட்டினேன். நெட் நின்றது. போன் செட்டிங்கில் அந்த வைஃபைக்குள் போய், ரேண்டம் மேக் (போன் தானே உருவாக்கிய முகவரி) என்பதை மாற்றிப் போனின் சொந்த மேக்கை வைத்தேன். அவ்வளவுதான், மறுபடி உள்ளே வந்துவிட்டேன். அக்கா போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேக் முகவரி என்பது ஒவ்வொரு கருவியும் வைஃபையில் காட்டும், எண்ணும் எழுத்தும் கலந்த 12 இலக்க அடையாளம். ரவுட்டர் பிளாக் செய்வது அதை வைத்துத்தான். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து, போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனை முகவரியைத்தான் காட்டுகின்றன. அப்போ 'இவை மட்டும் வரலாம்' என்று பட்டியல் போட்டால்? அதையும் தாண்டலாம். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறை நம் தகவலை மறைக்கும், ஆனால் மேக் முகவரி காற்றில் திறந்தபடியேதான் போகும். அருகில் இருப்பவர் அதைப் பிடித்துத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்ள முடியும். அவரை நிறுத்துவது பாஸ்வேர்டுதான். அதையோ நாம் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

அதனால் பட்டியலை விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன். காத்திருப்பவர்களுக்குத் தனியாக கெஸ்ட் வைஃபை, அதிலிருந்து உள் கணினிகளைத் தொட முடியாதபடி. நிலையத்துக்கு 18 எழுத்தில் புது பாஸ்வேர்டு. ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு வாங்கிய நாளிலிருந்து 'அட்மின்' என்றே இருந்தது, அதையும் மாற்றினேன்.

அப்புறம் டபிள்யூபிஎஸ், அதாவது பாஸ்வேர்டு அடிக்காமல் ஒரு பட்டனாலோ பின் எண்ணாலோ வைஃபையில் சேரும் வசதி. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் அந்த எட்டு இலக்க பின்னைப் பார்த்தால் பத்துக் கோடி வாய்ப்பு இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அதை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துத்தான் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழையும் வைத்துக் கணக்கிடப்படுவது. ஆக, முதல் பாதிக்கு 10,000, அடுத்ததற்கு 1,000 என்று அதிகபட்சம் 11,000 முயற்சி போதும். இது 2011-லேயே வெளிவந்த ஓட்டை. உங்கள் ரவுட்டரில் இருந்தால் இன்றைக்கே அணைத்துவிடுங்கள், தயவுசெய்து.

டபிள்யூபிஏ2-வுக்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 வைக்கத்தான் ஆசை. பழைய பிரிண்டர் ஒத்துக்கொள்ளவில்லை, டபிள்யூபிஏ2-வோடு விட்டேன்.

பழைய அட்டையை அக்காவே கிழித்துவிட்டு, கெஸ்ட் பாஸ்வேர்டைப் புது அட்டையில் எழுதினார். மற்றதை டைரியில் குறித்து உள்ளே வைத்துப் பூட்டினார். கிளம்பும்முன் பட்டியலைத் திறந்தோம். அவர் விரல் வைத்து எண்ணினார்: கணினி இரண்டு, பிரிண்டர், கேமரா, டேப், அவர் போன். ஆறு.